பழவேற்காடு ஏரியின் 'வாய்' ஏன் அடிக்கடி மூடிக்கொள்கிறது? மணல், ஆறு, துறைமுகம்... முழு விளக்கம்

சென்னையில் இருந்து வடக்கே சுமார் 60 கி.மீ. பொன்னேரியைத் தாண்டி பழவேற்காடு போய், பாலத்தைக் கடந்து கடற்கரைப் பக்கம் நடந்தால், ஏரித் தண்ணீரும் கடல் தண்ணீரும் சந்திக்கும் இடம் வரும். அதுதான் முகத்துவாரம். நல்ல மழை பெய்த கார்த்திகை மாதத்தில் அங்கே நின்றால், செம்மண் கலந்த வெள்ளம் கடலுக்குள் பாய்ந்து போவதைப் பார்க்கலாம். அதே இடத்துக்குச் சித்திரை வெயிலில் போனால், சில வருஷங்களில் தண்ணீரே தெரியாது. இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நடுவில் ஒரே மணல் மேடு!

'முகத்துவாரம் அடைபட்டது, மீனவர்கள் தவிப்பு', 'தூர்வாரக் கோரி போராட்டம்' என்று ஏறக்குறைய ஒவ்வொரு வருஷமும் செய்தி வரும். பொக்லைன் போகும், மணலை அள்ளுவார்கள், கொஞ்ச நாளில் மறுபடியும் மூடும். அப்படி என்னதான் நடக்குது அங்கே? மணலை அள்ளிப்போட்டால் முடிகிற பிரச்னையா இது? விரிவாகப் பார்க்கலாம்.

முதலில், இது ஏரியா கடலா?

இரண்டும்தான். இரண்டும் இல்லை என்றும் சொல்லலாம்.

ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. வடக்கு தெற்காகச் சுமார் 60 கி.மீ. நீளம். பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது, தெற்கு ஓரம் மட்டும் திருவள்ளூர் மாவட்டத்தில். ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவில் நீளமாக ஒரு மணல் தீவு படுத்திருக்கிறது. அந்தத் தீவு உங்களுக்கு நன்றாகத் தெரிந்த பெயர்தான்: ஸ்ரீஹரிகோட்டா. டிவியில் ராக்கெட் கிளம்பும்போது பின்னால் தெரிகிற தண்ணீர்ப் பரப்பு பல நேரம் இந்த ஏரிதான்.

உள்ளே இருந்து நல்ல தண்ணீர் வருகிறது. தெற்கே ஆரணி ஆறும், மேற்கே காளங்கி ஆறும் முக்கியமானவை. வெளியே இருந்து முகத்துவாரம் வழியாக உப்புத் தண்ணீர் வருகிறது. இரண்டும் கலந்து, கடலை விடச் சப்பையான, ஆற்றை விடக் கரிப்பான ஒரு தண்ணீர் உருவாகிறது. இந்தக் கலவைதான் பழவேற்காட்டின் மொத்த உயிரோட்டம்.

கலவை வருஷம் முழுக்க ஒரே மாதிரி இருப்பதில்லை. பொதுவாகக் கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது ஏரியின் சில இடங்களில் உப்பு கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு வந்துவிடும். கோடையிலோ, வடக்குப் பக்கத்தில் 50 கிராமைத் தாண்டும். அதாவது கடலை விட அதிக உப்பு! ஏன் என்றால் ஏரி ரொம்ப ஆழம் குறைந்தது. பல இடங்களில் ஒரு ஆள் இடுப்பளவு தண்ணீரில் நடந்தே போகலாம். வெயிலில் தண்ணீர் ஆவியாகும், உப்பு அங்கேயே தங்கிவிடும். முகத்துவாரம் திறந்திருந்தால் கடல் தண்ணீர் உள்ளே வந்து இதைச் சமன் செய்யும். மூடியிருந்தால் ஏரி மெல்ல மெல்ல உப்பளம் மாதிரி ஆகிவிடும்.

வாய் எப்படித் திறக்கிறது, எப்படி மூடுகிறது?

இங்குதான் விஷயமே இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நம் கிழக்குக் கடற்கரையில் மணல் சும்மா கிடப்பதில்லை. அலை கரையில் நேராக வந்து மோதாமல் சற்றுச் சாய்வாக மோதும். அப்படி மோதும்போது மணலை எடுத்துக் கரையோரமாகவே நகர்த்திக்கொண்டு போகும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மணல் தெற்கில் இருந்து வடக்கே போகும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் திசை மாறி, வடக்கில் இருந்து தெற்கே வரும். முழு வருஷத்துக்கும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். கண்ணுக்குத் தெரியாத மணல் ஆறு ஒன்று கடற்கரையை ஒட்டி ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த மணல் ஆறு வழியில் முகத்துவாரத்தைக் கடக்க வேண்டும். வாயில் தண்ணீர் வேகமாக ஓடிக்கொண்டிருந்தால், வந்து விழும் மணலை அடித்துக்கொண்டு போய்விடும். வேகம் குறைந்தால் மணல் அங்கேயே படியும். படியப் படிய வாய் குறுகும். வாய் குறுகினால் உள்ளே வந்து போகும் தண்ணீர் இன்னும் குறையும். அதனால் இன்னும் மணல் படியும். ஒரு கட்டத்தில் முழுசாக மூடிக்கொள்ளும். வீட்டு வாய்க்காலில் தண்ணீர் நின்றதும் மண் தங்குவது போலத்தான், அளவு மட்டும் பெரிசு.

சரி, அந்த வேகத்தைக் கொடுப்பது யார்? இரண்டு பேர். ஒன்று, ஆற்று வெள்ளம். மழைக்காலத்தில் ஆரணி ஆறு கொண்டுவரும் தண்ணீர் ஏரியில் சேர்ந்து, வாயில் இருக்கும் மணலைத் தள்ளிக்கொண்டு கடலுக்குப் போகும். இன்னொன்று, கடலின் ஏற்ற இறக்கம். ஒரு நாளைக்கு இரண்டு முறை கடல் மட்டம் ஏறும், இரண்டு முறை இறங்கும். ஏறும்போது தண்ணீர் ஏரிக்குள் நுழையும், இறங்கும்போது வெளியேறும். இந்தப் போக்குவரத்துதான் வாயைத் தினமும் சுத்தம் செய்கிறது.

ஆனால் நம் பக்கம் கடல் ஏறி இறங்குவதே ஒரு மீட்டர் அளவுதான். குஜராத்தின் காம்பே வளைகுடா மாதிரி பல மீட்டர் ஏறி இறங்கும் கடல் என்றால், அந்த வேகத்துக்கு வாய் தானாகவே திறந்து கிடக்கும். பழவேற்காட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதனால் ஆற்று வெள்ளத்தை நம்பித்தான் ஆக வேண்டும்.

ஏரிக்குள் வண்டல் படிந்து ஆழம் குறைவதும் இதே கணக்கில் சேரும். ஏரி எவ்வளவு தண்ணீரை உள்ளே வாங்கி வெளியே விடுகிறதோ, அந்த அளவுக்குத்தான் வாயில் வேகம் கிடைக்கும். ஏரி மேடானால் அது குறைவாகத்தான் 'மூச்சு' விடும். மூச்சு குறைந்தால் வாய் அடைக்கும்.

மார்ச் முதல் செப்டம்பர் வரை நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஆற்றில் தண்ணீர் இல்லை. தெற்கில் இருந்து மணல் வேகமாக வருகிறது. ஏரி ஆழமும் குறைவு. வாய் மூடாமல் என்ன செய்யும்? எனவே, கோடையில் வாய் குறுகுவது ஓரளவு இயற்கைதான். மனுஷன் கை வைத்தது எங்கே என்பதைப் பிறகு பார்ப்போம். அதற்கு முன், வாய் மூடினால் யாருக்கு என்ன நஷ்டம்?

இறாலுக்கு இரண்டு வீடு

நீங்கள் சாப்பிடும் வெள்ளை இறால், டைகர் இறால் எல்லாம் பிறப்பது கடலில். தாய் இறால் கடலில் முட்டையிடும். குஞ்சுகள் சில வாரங்களில் கரையோரம் வந்து, கடல் ஏறும் நேரம் பார்த்து முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் நுழையும். ஏரியில் அலை இல்லை, பெரிய மீன்கள் குறைவு, சேற்றில் இரைக்குப் பஞ்சமில்லை. சில மாதங்கள் அங்கே வளர்ந்து, முட்டையிடும் பருவம் வந்ததும் மறுபடி அதே வாய் வழியாகக் கடலுக்குத் திரும்பும். மடவை மீன், சேற்று நண்டு என்று இன்னும் பல இனங்களுக்கும் ஏறக்குறைய இதே கதைதான்.

ஆக, வாய் மூடினால் இரண்டு பக்கமும் அடி. கடலில் இருக்கும் குஞ்சு உள்ளே வர முடியாது. ஏரியில் வளர்ந்தது வெளியே போக முடியாது. குஞ்சு வரும் மாதத்தில் மூடியிருந்தால், அதற்கான பாதிப்பு அடுத்த சில மாதங்களில் வலையில் தெரியும். 'வாய் திறந்து ரெண்டு வாரம் ஆச்சு, இன்னும் இறால் இல்லையே' என்று யாராவது கேட்டால் காரணம் இதுதான்.

தேங்கிய தண்ணீரில் வெப்பம் ஏறும், ஆக்சிஜன் குறையும், உப்பு கூடும். மீன்கள் செத்து மிதக்கும் செய்திகள் வருவது இந்த மாதிரி நேரங்களில்தான்.

கடலுக்குப் போகும் மீனவர்களுக்கு வேறு கவலை. பலரும் படகை ஏரிப் பக்கம் கட்டிவைத்து, முகத்துவாரம் வழியாகத்தான் கடலுக்குப் போகிறார்கள். வாய் மேடாகிவிட்டால், கடல் ஏறும் வரை மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். காத்திருக்காமல் கிளம்பினால் படகின் அடி மணலில் தட்டும். தட்டி நிற்கும் நேரத்தில் பின்னால் இருந்து ஒரு அலை வந்தால் படகு கவிழும். இன்ஜின் போகும், வலை போகும், சில நேரம் உயிரும்.

மழைக்காலத்தில் இதற்கு நேர்மாறான ஆபத்து. வாய் திறக்காமல் இருக்கும்போது ஆற்றில் வெள்ளம் வந்தால், தண்ணீர் போக வழியில்லாமல் ஏரிக்கரை கிராமங்களுக்குள் புகும்.

'பாடு' தெரியுமா?

பழவேற்காட்டில் ஒரு பழைய ஏற்பாடு உண்டு. ஏரியில், அதிலும் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில், எல்லோரும் நினைத்த இடத்தில் நினைத்த நாளில் வலை கட்ட முடியாது. மீன் நன்றாக விழும் இடங்களைக் குறித்து, எந்த ஊருக்கு எந்த நாள், எந்தக் குடும்பத்துக்கு எந்த இடம் என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். இதற்குப் பெயர் 'பாடு'. இன்றைக்கு நல்ல இடம் கிடைத்தவருக்கு அடுத்த முறை சுமாரான இடம் வரும். யாரும் ஒரேயடியாக அள்ளவும் முடியாது, யாரும் வெறுங்கையோடு நிற்கவும் வேண்டாம். இலங்கையின் நீர்கொழும்பு ஏரியிலும் இதே 'பாடு' என்ற பெயரில் இப்படி ஒரு வழக்கம் இருக்கிறது என்பது சுவாரஸ்யமான விஷயம்.

முகத்துவாரம் இடம் மாறினால், மூடினால், இந்தக் கணக்கு மொத்தமும் கலையும். மீன் விழும் இடமே மாறிவிட்டால் எதைப் பங்கு போடுவது? பிறகு ஊருக்கு ஊர் தகராறு. மணல் நகர்வது ஊர்ப் பஞ்சாயத்து வரைக்கும் வருவது இப்படித்தான்.

பாட்டில் இடம் இல்லாதவர்களும் இருக்கிறார்கள். இருளர் சமூகத்தைச் சேர்ந்த பெண்களும் ஆண்களும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, சேற்றில் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட, பனை ஓலையில் பின்னிய 'பறி'யைப் பல்லில் கடித்துக்கொண்டிருப்பார்கள். படகு, வலை எதுவும் கிடையாது. முதலீடு இரண்டு கைதான். ஏரி வற்றினால் முதலில் அடுப்பு அணைவது இவர்கள் வீட்டில்.

பறவைகளையும் விட்டுவிட முடியாது. பூநாரைகள் எல்லாருக்கும் தெரியும். நீளக் கால், தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து அலகால் தண்ணீரை வடிகட்டிச் சாப்பிடும் பறவை. அதன் ரோஸ் நிறம் கூடச் சாப்பாட்டில் இருந்து வருவதுதான். அதற்கு ஆழமும் கூடாது, வறட்சியும் கூடாது. கால் ஊன்றி நிற்கிற அளவுக்கு, சேற்றில் இரை இருக்கிற அளவுக்குத் தண்ணீர் வேண்டும். ஏரியின் ஆந்திரப் பகுதி 1976-லும் தமிழ்நாட்டுப் பகுதி 1980-லும் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. சூலூர்பேட்டையில் பூநாரைத் திருவிழாவே நடக்கிறது.

சரி, மனுஷன் என்ன செய்தான்?

ஒரே ஆளைக் கை காட்டினால் கதை சுலபமாக முடிந்துவிடும். ஆனால் இங்கே பல கைகள்.

முதலில் ஆறு. ஆரணி ஆற்றில் ஆந்திராவின் பிச்சாட்டூரில் நீர்த்தேக்கம் இருக்கிறது. அதற்குக் கீழே தமிழ்நாட்டில் தடுப்பணைகள் இருக்கின்றன. விவசாயத்துக்கும் நிலத்தடி நீருக்கும் அவை தேவை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் தேக்கிய தண்ணீரின் அளவுக்கு ஏரிக்கு வரும் வெள்ளம் குறையும். பெருமழை வருஷத்தில் இது தெரியாது, உபரி நீர் எப்படியும் வந்து சேரும். சுமாரான மழை வருஷத்தில்தான் வித்தியாசம். வாயில் இருக்கும் மணலைத் தள்ள வேண்டிய அந்த ஒரு வெள்ளம் வராமலே போய்விடும். நதிநீர் பற்றிப் பேசும்போது 'வீணாகக் கடலில் கலக்கிறது' என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம் இல்லையா? பழவேற்காட்டு மீனவரிடம் அந்த வார்த்தையைச் சொல்லிப் பாருங்கள்.

அடுத்து ரோடு. சூலூர்பேட்டையில் இருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்கு ஏரியின் குறுக்கே மண் கொட்டி மேடாக்கிப் போட்ட சாலை இருக்கிறது. 1971-ல் ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து முதல் ராக்கெட் ஏவப்பட்டது, அந்த மையத்துக்கான பாதை இது. இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் ரோடு என்று பார்க்க அழகாக இருக்கும். தண்ணீர் போக ஆங்காங்கே சிறு பாலங்கள் உண்டு. ஆனாலும் 'திறந்த ஏரி' என்பதும் 'சில ஓட்டைகள் வழியாக ஓடும் ஏரி' என்பதும் ஒன்றாகாது. வடக்குப் பகுதியில் நீரோட்டம் தடைபட்டு, கோடையில் பெரும் பரப்பு உப்புப் பூத்த சேற்று வெளியாகக் காய்கிறது. அந்தப் பக்கம் கடலோடு இணைக்கும் வாய்களும் மேடாகிக் கிடப்பதால் பாதிப்பு இரட்டிப்பு.

மூன்றாவது, இறால் பண்ணைகள். 1990-களில் கிழக்குக் கடற்கரை முழுக்க இறால் பண்ணைகள் மளமளவென்று முளைத்தன. பண்ணைக் கழிவு நீர் ஏரிக்கும் ஆற்றுக்கும் போனது, நிலத்தடி நீர் உப்பானது. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், சிலிகா, பழவேற்காடு ஏரிகளில் இருந்து 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணைத் தொழில் கூடாது என்று பேரைச் சொல்லியே உத்தரவு போட்டது.

நான்காவது, துறைமுகங்கள். இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கரையோரமாக மணல் ஆறு ஓடுகிறது என்று சொன்னோம் இல்லையா? அதன் குறுக்கே கல்லைக் கொட்டிச் சுவர் கட்டினால் என்ன ஆகும்? சுவருக்குத் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். இது யூகம் இல்லை, சென்னைக்காரர்களுக்கு 140 வருஷ அனுபவம். 1870-களில் சென்னைத் துறைமுகம் கட்டத் தொடங்கிய பிறகு, அதற்குத் தெற்கே மணல் குவிந்து மெரினா இத்தனை அகலமானது. வடக்கே ராயபுரம், காசிமேடு பக்கம் கடல் ஊருக்குள் வந்தது. மெரினாவில் காற்று வாங்குவதும் வடசென்னையில் வீடு இடிவதும் ஒரே மணலின் இரண்டு முனைகள்.

அதே விஷயம் இன்னும் வடக்கே தொடர்கிறது. எண்ணூர் துறைமுகம் 2001-ல் செயல்பாட்டுக்கு வந்தது. அடுத்து, 2010-களின் தொடக்கத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகம். இரண்டும் பழவேற்காடு முகத்துவாரத்துக்குத் தெற்கே. அப்போ, மணல் தெற்கிலேயே தடுக்கப்பட்டால் முகத்துவாரத்துக்கு மணல் குறையணுமே, நல்லதுதானே என்று தோன்றும். அங்குதான் சிக்கல். அலைக்கு மணலைத் தூக்கும் தெம்பு அப்படியே இருக்கிறது. தெற்கில் இருந்து வர வேண்டிய மணல் வரவில்லை என்றால், துறைமுகத்துக்கு வடக்கே இருக்கும் கரையையே அரித்து எடுத்துக்கொண்டு மேலே போகும். அங்கே கடலுக்கும் உள்ளே இருக்கும் உப்பங்கழிக்கும் நடுவில் இருப்பது ஒரு மெல்லிய மணல் திட்டுதான். அது மெலிந்துகொண்டே போவதுதான் மீனவர்களின் முக்கியமான பயம். திட்டு உடைந்தால் ஏரிக்குத் தடுப்பே இருக்காது.

காட்டுப்பள்ளித் துறைமுகத்தை இப்போதைய சுமார் 330 ஏக்கரில் இருந்து 6,111 ஏக்கராக விரிவாக்கும் திட்டத்துக்கு எதிர்ப்பு கிளம்பியது இந்தப் பின்னணியில்தான். அதற்கான பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் 2021 ஜனவரியிலும், மறுபடி 2023 செப்டம்பரிலும் அறிவிக்கப்பட்டு, இரண்டு முறையும் தள்ளிவைக்கப்பட்டது. வேலைவாய்ப்பு வரும், சரக்குப் போக்குவரத்து பெருகும் என்பது ஆதரிப்பவர்கள் வாதம். வேலை வரலாம். ஆனால் போகும் வேலையையும் அதே தாளில் எழுதிக் கழித்தால்தான் கணக்கு நேர்மையாக இருக்கும்.

எண்ணூரில் நடந்தால் பழவேற்காட்டுக்கு என்ன?

நிறையவே இருக்கு. எண்ணூர் கழிமுகமும் பழவேற்காடு ஏரியும் தனித்தனி தீவுகள் இல்லை. கொசஸ்தலை ஆற்றின் உப்பங்கழியும் பக்கிங்காம் கால்வாயும் இரண்டையும் இணைக்கின்றன. ஒரு காலத்தில் உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் போன அதே கால்வாய் வழியாக இன்று கழிவும் பயணிக்கிறது.

எண்ணூர்ப் பக்கம் அனல் மின் நிலையங்களின் சாம்பல் பல வருஷமாகக் கழிமுகத்தில் படிந்து ஆழத்தைக் குறைத்திருக்கிறது. குளிரூட்டப் பயன்படுத்திய வெந்நீர் அங்கேயே விடப்படுகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைப் பகுதியில் இருந்து எண்ணெய் கலந்து கால்வாய் வழியாகக் கழிமுகத்துக்கு வந்ததை டிவியில் பார்த்திருப்பீர்கள். கூழைக்கடாக்கள் உடம்பெல்லாம் எண்ணெய் அப்பி நின்றதையும் பார்த்திருப்பீர்கள்.

சென்னைக்குத் தேவையான மின்சாரத்தில் ஒரு பங்கு இந்தக் கரையில்தான் உற்பத்தியாகிறது. நகரத்துக்குத் தினமும் 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் திறன் கொண்ட கடல்நீர் சுத்திகரிப்பு ஆலையும் காட்டுப்பள்ளியில்தான் இருக்கிறது. இதைப் படிக்கும் பலருக்கும் பழவேற்காடு தூரத்து ஊர் மாதிரி தோன்றலாம். குழாயும் சுவிட்சும் அங்கே போய்த்தான் முடிகின்றன.

தூர்வாரினால் போதாதா?

தூர்வாரினால் உடனடி நிவாரணம் கிடைக்கும். படகு போகும், கடல் தண்ணீர் உள்ளே வரும். பல முறை மீனவர்களே ஊர்ப் பணம் போட்டு இயந்திரம் பிடித்து வாயைத் திறந்திருக்கிறார்கள். ஆனால் மணல் வருவது நிற்கவில்லை, உள்ளே இருந்து தள்ளும் வேகமும் கூடவில்லை. அதனால் சில வாரங்களிலோ மாதங்களிலோ பழைய நிலைமைக்கே வந்துவிடும். அள்ளிய மணலை எங்கே கொட்டினார்கள் என்பதும் முக்கியம். பக்கத்திலேயே கொட்டினால் அடுத்த அலையில் அதுவே திரும்பி வரும்.

நிரந்தரத் தீர்வாகச் சொல்லப்படுவது நேர்கல் சுவர். முகத்துவாரத்தின் இரண்டு பக்கமும் கடலுக்குள் நீளும்படி கல் சுவர் கட்டுவது. இரண்டு வேலை நடக்கும். பக்கவாட்டில் வரும் மணல் நேராக வாய்க்குள் விழாது. தண்ணீர் குறுகலான பாதையில் போவதால் வேகம் கூடும், மணல் படியாது. தமிழ்நாடு அரசு இதற்காகச் சுமார் 27 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தது. சரணாலயப் பகுதி என்பதால் வனம், வனவிலங்கு சம்பந்தப்பட்ட அனுமதிகள் எல்லாம் வாங்க வேண்டியிருந்தது. அதற்கே வருஷங்கள் ஓடிவிட்டன.

மீனவர்கள் பல காலமாகக் கேட்டுவந்த திட்டம் இது, கோரிக்கை நியாயமானது. ஆனால் ஒரு விஷயத்தை மறந்துவிடக் கூடாது. துறைமுகச் சுவர் செய்யும் அதே வேலையைச் சிறிய அளவில் இந்தச் சுவரும் செய்யும். தெற்கே மணல் சேரும், வடக்கே அரிக்கும். சேரும் மணலை அவ்வப்போது எடுத்து வடக்குக் கரையில் போடும் ஏற்பாடும் சேர்ந்து இருந்தால்தான் பக்கத்துக் குப்பம் தப்பிக்கும். அதற்குக் கட்டி முடித்த பிறகும் ஆண்டுதோறும் செலவு செய்ய வேண்டும். திறப்பு விழாவுக்குக் கிடைக்கும் கவனம் பராமரிப்புக்குக் கிடைப்பதில்லை என்பது நாம் அறிந்ததுதான்.

ஒடிசாவில் எப்படிச் சரிசெய்தார்கள்?

சிலிகா ஏரிக்கும் இதே நோய் வந்தது. 1990-களில் வாய்ப் பகுதி மணலால் தூர்ந்து, கடல் தண்ணீர் வருவது குறைந்தது. அங்கே மகாநதிக் கிளைகளின் தண்ணீர் நிறைய வரும் என்பதால் உப்பு கூடுவதற்குப் பதிலாகக் குறைந்தது. களைச்செடிகள் மண்டின, மீன் குறைந்தது. உலக அளவில் ஆபத்தில் இருக்கும் ஈரநிலங்களுக்கான மாண்ட்ரூ பட்டியலில் 1993-ல் சிலிகா சேர்க்கப்பட்டது.

பழைய வாயையே தோண்டிக்கொண்டிருக்காமல், நீரோட்டத்தை ஆய்வு செய்து, ஏரிக்குப் பக்கமாக ஒரு புது வாயை வெட்டினார்கள். 2000 செப்டம்பரில் அது திறக்கப்பட்டது. கடலுக்கும் ஏரிக்குமான பாதை 18 கி.மீ. குறைந்தது. 1999-2000-ல் சுமார் 1,700 டன்னாக இருந்த மீன்பிடிப்பு, அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் 10,000 டன்னைத் தாண்டியது. 2002-ல் சிலிகா அந்த ஆபத்துப் பட்டியலில் இருந்து நீக்கப்பட்டது.

அதை அப்படியே இங்கே செய்யலாமே என்றால், முடியாது. சிலிகாவுக்குப் பின்னால் மகாநதி இருக்கிறது. பழவேற்காட்டுக்குப் பின்னால் மழைக்காலத்தில் மட்டும் ஓடும் ஆரணியும் காளங்கியும்தான். அங்கே ஒரே மாநிலம், இங்கே இரண்டு. ஆனால் சிலிகாவில் இருந்து எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. அங்கே ஏரிக்கென்றே ஒரு ஆணையம் 1990-களின் தொடக்கத்தில் அமைக்கப்பட்டது. வாய், ஆறு, நீர்ப்பிடிப்புப் பகுதி, மீன் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்த்தார்கள். இங்கே வாய் ஒரு துறையிடம், தடுப்பணை இன்னொரு துறையிடம், சரணாலயம் வனத்துறையிடம், துறைமுகம் வேறு ஒருவரிடம். வடக்கு ஏரி அடுத்த மாநிலத்திடம். மணலுக்கு இந்த எல்லைகள் எதுவும் தெரியாது.

அடுத்த முறை 'பழவேற்காடு முகத்துவாரம் அடைப்பு' என்று நோட்டிபிகேஷன் வந்தால், எத்தனை பொக்லைன் போனது என்பதோடு இன்னும் மூன்று விஷயங்களைத் தேடிப் பாருங்கள். அந்த வருஷம் ஆரணி ஆற்றில் எவ்வளவு தண்ணீர் ஏரி வரைக்கும் வந்தது? அள்ளிய மணல் எங்கே போனது? துறைமுகத்துக்கு வடக்கே கரை எவ்வளவு உள்வாங்கியிருக்கிறது? பழவேற்காட்டுக் குப்பங்களில் இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஐப்பசி பிறந்ததும் அங்கே வானத்தைப் பார்க்கிறார்கள், பிச்சாட்டூரில் தண்ணீர் திறந்தாச்சா என்று விசாரிக்கிறார்கள், வாயில் மணல் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.